விலைக்கு வாங்கிய நாதம்

நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இசைக் கலைஞரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் புனித செசிலியாவின் திருநாள். பாடற்குழுக்கள் ஒன்றுகூடிச் சிறப்புப் பாடற்பலியில் பங்கேற்கும் நன்னாள் அது. முதல் வெள்ளியையும் பெரிய வெள்ளியையும் அறிந்த நமக்கு, அண்மைக் காலமாகக் ‘கருப்பு வெள்ளி’ என்றொரு வெள்ளியும் அறிமுகமாகியுள்ளது. அமெரிக்க நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் நன்றியறிதல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு மறுநாள் வணிகர்கள் விலையைக் குறைத்துப் பெருவிற்பனை நடத்துவர். நாட்காட்டியைக் கணக்கிட்டால் அவ்வெள்ளி 23-ஆம் நாளுக்கு முன் வாராது. 29-ஆம் நாளைத் தாண்டாது. ஆகவே செசிலியம்மாளின் திருநாள் முடிந்த ஒரு வாரத்திற்குள் ஆண்டுதோறும் அவ்விற்பனை வந்துவிடுகிறது.

புனிதையின் திருநாளுக்கும் அயல்நாட்டு வணிகருடைய விற்பனைக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். அத்தொடர்பை எனக்குக் கற்பித்தவர் எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர்.

அவருக்கு வயது 26. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதுகிறார். எங்கள் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவர். வீட்டு மாடியறையில் கணிப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, பாடல்களுக்கு இசையமைத்துப் பதிவு செய்வதில் பேரார்வம் உள்ளவர். சென்ற ஆண்டு செசிலியா திருநாள் கழிந்து இரண்டு நாட்கள் ஆன மாலையில் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் கூறியவற்றை இங்கு எழுத அவரே இசைவு தந்துள்ளார். “என்னைப் போல் இன்னொருவர் வருந்தாதிருந்தால் போதும், ஃபாதர்” என்பது அவர் சொல்.

“இவ்வாண்டும் தள்ளுபடி அறிவிப்பு வந்துவிட்டது, ஃபாதர். வாங்கக் கூடாது என்று மனம் சொல்கிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது” என்று கூறி ஒரு தாளை நீட்டினார். அதில் பதினேழு பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. யாவும் அவர் நான்கு ஆண்டுகளில் சேர்த்த ‘சாம்பிள் லைப்ரரி’கள். பதினாறின் எதிரே விலை இருந்தது. ஒன்றின் எதிரே மட்டும் விலை எழுதப்படவில்லை. கூட்டுத்தொகை 1,38,000 ரூபாய். அவற்றுள் ஒரு பாடலிலேனும் பயன்பட்டவை நான்கு. ஒருமுறையும் திறந்து பாராதவை ஆறு. கடன் அட்டையில் இன்னும் நிற்கும் பாக்கி 31,000 ரூபாய். மாதந்தோறும் தாயிடம் தரும் தொகையில் ஒரு பகுதி, இரண்டு ஆண்டுகளாக அப்பாக்கிக்கே போய்க்கொண்டிருந்தது.

“இத்தனையும் எதற்காக வாங்கினாய், தம்பி?” என்றேன்.

“ஒவ்வொன்றும் வாங்கும்போது, இது மட்டும் வந்துவிட்டால் என் பாட்டு நன்றாகிவிடும் என்றுதான் நினைத்தேன், ஃபாதர். முன்பெல்லாம் கீபோர்டில் இருந்த நாலைந்து ஒலிகளை வைத்துக்கொண்டே மாதம் ஒரு பாட்டு முடிப்பேன். இப்போது ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன. எட்டு மாதமாக ஒரு பாட்டும் முடியவில்லை.”

பணக்கணக்கைக் கேட்டபோது எழாத துயரம், இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது என்னுள் எழுந்தது.

ஒலித்தொகுப்பு என்பது யாது?

இப்பொருளை அறியாத பெற்றோருக்காகச் சிறிது விளக்குதல் நன்று. தேர்ந்த கலைஞர் ஒருவர் தம் வயலினில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசிப்பார். மென்மையாக ஒருமுறை, வன்மையாக ஒருமுறை, நீட்டி ஒருமுறை, வெட்டி ஒருமுறை எனப் பலவாறு வாசிப்பார். அவை அனைத்தும் பதிவு செய்யப்பட்டுக் கணிப்பொறியில் அடுக்கப்படும். கீபோர்டின் கட்டையை நாம் அழுத்தும்போது அதற்குரிய பதிவு ஒலிக்கும். இவ்வாறு அடுக்கப்பட்ட பதிவுகளின் களஞ்சியத்தையே சாம்பிள் லைப்ரரி என்கின்றனர். நாம் இதனை ஒலித்தொகுப்பு என்போம்.

இக்கருத்து புதியதன்று. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெலோட்ரான் என்னும் கருவி உருவாயிற்று. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஓர் ஒலிநாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் ஏறத்தாழ எட்டு விநாடிகள் அந்நாடாவில் பதிந்துள்ள வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து வந்த ஃபேர்லைட் என்னும் கருவி, நாடாவை நீக்கிக் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒலியைச் சேமித்தது. அக்காலத்தில் பெரிய ஒலிக்கூடங்களும் பெருஞ்செல்வருமே வாங்கத்தக்க விலை அதற்கு. 2000-ஆம் ஆண்டையொட்டி, வியன்னா நகரின் செல்லோக் கலைஞரான ஹெர்ப் டுக்மாண்டல் என்பவர், மேனாட்டுப் பல்லிய இசைக்குழுவின் கருவிகள் அனைத்தையும் சுரம் சுரமாகப் பதிவு செய்யும் பெரும்பணியைத் தொடங்கினார். இன்று முழு இசைக்குழுவை அடக்கிய பெருந்தொகுப்பு ஒன்று சில நூறு ஜிகாபைட் இடத்தை வேண்டுகிறது.

இவை பொய்யான பொருள்களல்ல. ஓர் இசைக்குழுவை அமர்த்தப் பொருள் வசதியில்லாத ஏழை இசைஞனுக்கும், தன் கற்பனை எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் கேட்டறிய இவை வழி செய்கின்றன. கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. நல்ல பொருளை வாங்கியவர் ஏன் வருந்துகிறார் என்பதே நாம் ஆராய வேண்டியது.

வருத்தத்தின் காரணங்கள்

அவ்விளைஞருடன் அமர்ந்து அப்பட்டியலை வரிவரியாகப் படித்தேன். ஏன் பயன்படவில்லை என்று ஒவ்வொன்றையும் குறித்துக் கேட்டேன்.

மூன்று தொகுப்புகளை இயக்க, தனியே விலை கொடுத்து வாங்க வேண்டிய மற்றொரு மென்பொருள் தேவை. விலையின்றிக் கிடைக்கும் இயக்கியில் அவை கால் மணி நேரம் ஒலித்தபின் அடங்கிவிடுமாம். விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்த அச்செய்தியை, விலை குறைந்த மகிழ்ச்சியில் அவர் படிக்கவில்லை. இரண்டு தொகுப்புகளை அவருடைய கணிப்பொறி தாங்கவில்லை. நினைவகம் போதாமல் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஐந்து தொகுப்புகள் ஏறக்குறைய ஒரே பொருள். ஐந்தும் வயலின் கூட்டம். ஒன்றில் குறை கண்டு மற்றொன்றை நாடி, அதிலும் குறை கண்டு மூன்றாவதை நாடியிருக்கிறார்.

வேண்டாதவற்றை விற்றுவிடலாமே என்றேன். இயலாது என்றார். நாம் வாங்குவது பொருளை அன்று, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. பல நிறுவனங்கள் அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்ற இசைவதில்லை. பதிவிறக்கம் செய்தபின் பணத்தைத் திருப்பித் தருவதுமில்லை. மரத்தாலான வயலின் பேரன் கைக்கும் வந்து சேரும். மென்பொருளின் ஆயுளோ அதை விற்றவரின் விருப்பத்தைப் பொறுத்தது. 1998-இல் வெளிவந்த கிகாசாம்ப்ளரும், அதன் வழிவந்த கிகாஸ்டூடியோவும் ஒரு காலத்தில் இத்துறையில் கோலோச்சியவை. 2008-இல் டாஸ்காம் நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. அதற்கென வாங்கிக் குவித்த தொகுப்புகளை வேறு வடிவிற்கு மாற்ற இசைஞர் பலர் பாடுபட வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் கடையில் நேர்ந்த தவறுகள். இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. தொகுப்பை விற்பவர்கள் மாதிரிப் பாடல் ஒன்றைக் கேட்கச் செய்கின்றனர். கேட்பவர் உள்ளம் உருகுகிறார். அவ்வுருக்கத்தைத் தொகுப்பின் சிறப்பென்று எண்ணிப் பணம் செலுத்துகிறார். உண்மையில் அவர் கேட்டதோ, பல்லாண்டு பயின்ற இசையமைப்பாளர் ஒருவரின் கைத்திறம். தொகுப்பு வீட்டிற்கு வந்து சேர்கிறது, அக்கைத்திறம் வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒரு கட்டையை அழுத்தினால் பதினான்கு வயலின்களின் கூட்டொலி வரும் தொகுப்பு ஒன்று உள்ளதெனக் கொள்வோம். கீபோர்டில் பழகிய கை மூன்று கட்டைகளை ஒருங்கே அழுத்துகிறது. இப்போது ஒலிப்பவை 42 வயலின்கள்! மெய்யான இசைக்குழுவில் அப்பதினான்கு பேரும் மூன்று அணியாகப் பிரிந்து வாசிப்பர். ஒலி தெளிவாக இருக்கும். நம் இளைஞரின் பாடலிலோ ஒலி தடித்துக் குழம்பியது. தொகுப்பு தரமற்றது என எண்ணி அவர் அடுத்ததை வாங்கினார். குறை தொகுப்பில் இல்லை. இசையை அமைக்கக் கல்லாமையில் இருந்தது.

நம் பாடல்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) போன்ற பெரியோர் நமக்குத் தந்த கீர்த்தனை மரபில் சுரங்கள் நிற்பதில்லை. அசைந்தும் வழுக்கியும் ஒன்றையொன்று தழுவுகின்றன. மேனாட்டுத் தொகுப்புகளோ பெரும்பாலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நிறுத்திப் பதிவு செய்தவை. அவற்றைக் கொண்டு கமகத்தை எழுப்ப முயல்வது, கல்லை வளைத்து மாலை தொடுப்பதை ஒக்கும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என ஆண்டவர் கற்பித்தார். அச்செலவில் பணம் மட்டுமே அடங்கும் என நாம் நினைத்துவிடுகிறோம். கற்பதற்கு ஆகும் காலமும் அதில் அடங்கும். பணத்தைச் செலவிட்டால் காலத்தை மிச்சப்படுத்தலாம் என்னும் ஆசையே இவ்வணிகத்தின் உயிர்நாடி.

விலை எழுதப்படாத வரி

இவ்வளவும் எடுத்துரைத்தபின் என் நாவு தடுமாறிற்று. பட்டியலில் விலை எழுதப்படாத அந்த எட்டாவது வரியை இருவரும் பார்த்தோம். அதை வாங்கியது அவர் பணத்தாலன்று, பங்கின் பணத்தால். இசைவளித்துக் கையொப்பமிட்டவன் நான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலயத்தின் பொன்விழா வந்தது. கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் எட்டினைப் பதிவு செய்து யூடியூபில் வெளியிட விரும்பினோம். வயலின் தொகுப்பு ஒன்று வேண்டும் என இளைஞர்கள் கேட்டனர். பாடற்குழுவினர் இல்லந்தோறும் சென்று பாடிப் பெற்ற காணிக்கையிலிருந்து, தொகுப்பிற்கு 24,000 ரூபாயும், அதை வைக்கச் சேமிப்புத் தட்டிற்கு 6,000 ரூபாயும் கொடுத்தேன். உலகத்தரமான ஒலி நம் ஆலயத்திற்கு வரப்போகிறது என்று பீடத்திலிருந்தே அறிவித்தேன்.

எங்கள் பங்கில் வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆலைத் தொழிலாளியாய் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவனாய் இருந்தபோது துறவறச் சகோதரர் ஒருவரிடம் பயின்ற வயலினை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நள்ளிரவுத் திருப்பலியில் வாசித்தவர். அவ்வாண்டும் வழக்கம்போல் பெட்டியுடன் ஒத்திகைக்கு வந்தார். “ஐயா, இம்முறை எல்லாவற்றையும் கணிப்பொறியிலேயே செய்துவிடுகிறோம். தாங்கள் ஓய்வெடுங்கள்” என்றேன். அன்பாகப் பேசியதாகவே எனக்கு நினைப்பு. “சரி, சாமி” என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். அவ்வாண்டின் நள்ளிரவுத் திருப்பலியில் அவர் கடைசி வரிசையில் வெறுங்கையுடன் அமர்ந்திருந்ததைக் கண்டேன். கண்டும் ஒன்றும் எண்ணவில்லை.

பாடல்கள் வெளிவந்தன. பங்கின் மூதாட்டி ஒருவர் கேட்டுவிட்டு, “நன்றாயிருக்கிறது சாமி, ஆனால் நம் கோவில் பாட்டு மாதிரி இல்லை” என்றார். அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

பழைய ஞானோபதேசத்தில் உத்தம மனஸ்தாபம், அற்ப மனஸ்தாபம் என இரண்டு கற்றோம். தனக்கு வரும் கேட்டை அஞ்சி வருந்துவது ஒன்று. தான் நோகச் செய்த அன்பை எண்ணி வருந்துவது மற்றொன்று. ஒப்புமைக்காகக் கூறுகிறேன்: பணம் போயிற்றே என்னும் வருத்தம் முதல் வகையைச் சார்ந்தது. அது அடுத்த தள்ளுபடியில் மறைந்துவிடும். சென்ற முறை ஏமாந்ததை இம்முறை ஈடுசெய்வோம் எனக் கூறி மீண்டும் வாங்கச் செய்யும். இப்பொருளை வாங்கியதால் எதைக் கற்காமல் விட்டேன், யாரை அழைக்காமல் விட்டேன் என்னும் வருத்தமோ மனிதனைத் திருத்தும்.

அடுத்த நாள் மாலை இளைஞரும் நானும் அப்பெரியவரின் இல்லத்திற்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்டேன். “என்ன சாமி, கூப்பிடாமல் எப்படி வருவது?” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தோம். மூன்று ஆண்டுகள் திறவாமையால் வில்லின் மயிரிழைகளைப் பூச்சி அரித்திருந்தது. புதிய இழை கட்ட ஆன செலவு, பட்டியலில் இருந்த மிக மலிவான தொகுப்பின் விலையினும் குறைவு.

அந்தக் கிறிஸ்து பிறப்பிற்கு ஒரே ஒரு பாடலைப் பதிவு செய்தோம். மாடியறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கி ஒன்றை வைத்து, மாலை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை வேலை நடந்தது. பெரியவரின் இடக்கைச் சிறுவிரல் இப்போது நீளவில்லை. ஆகவே இளைஞர் பாடலின் சுருதியையே ஒரு படி இறக்கினார். தொகுப்பின் வயலின்களை மென்மையாகப் பின்னால் நிறுத்தி, அவற்றின் மேல் பெரியவரின் வயலினை முன்னே வைத்தார். ஒரு மெய்யான கருவி சேர்ந்தால் பின்னுள்ள பதிவொலிகளும் உயிர் பெறும் என்பது இத்துறையினர் பலரும் கையாளும் முறை என்று எனக்கு விளக்கினார். மூதாட்டியிடம் கேட்கச் செய்தோம். “இது நம் கோவில் பாட்டு” என்றார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அவ்விளைஞர் பெரியவரிடம் வயலின் பயில்கிறார். வில் எங்கே திரும்பும், எங்கே மூச்சு வாங்கும் என்பதை அறிந்தபின், பயனற்றவை என ஒதுக்கிய தொகுப்புகளில் இரண்டு அவருக்குப் பயன்படத் தொடங்கியிருக்கின்றன. இந்த ஓராண்டில் ஐந்து பாடல்களை முடித்திருக்கிறார். கடனும் இவ்வாண்டு பாஸ்கு விழாவிற்குள் தீர்ந்தது.

திருச்சபையின் நோக்கு

வழிபாட்டில் கருவிகளைக் குறித்துத் திருச்சபை நெடுங்காலமாகவே சிந்தித்து வந்துள்ளது. 1903-ஆம் ஆண்டு இதே செசிலியா திருநாளன்று, திருத்தந்தை 10-ஆம் பத்திநாதர் திருவிசையைப் பற்றிய தம் மடலை வெளியிட்டார். 1958-இல், 12-ஆம் பத்திநாதர் காலத்தில் வெளிவந்த போதனை, வழிபாட்டில் ஒருவர் தாமே வாசிக்கும் கருவிகளையே அனுமதித்தது. தாமே இயங்கும் பொறிகளையும் ஒலிநாடாவையும் விலக்கியது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழல் ஆர்கனுக்கு உரிய சிறப்பைப் போற்றி, தகுதியான பிற கருவிகளுக்கும் இடம் தந்தது. 1967-இல் வந்த போதனை, கருவி வாசிப்போர் தேர்ச்சி பெற்றிருந்தால் மட்டும் போதாது, வழிபாட்டின் உள்ளத்தையும் உணர்ந்திருக்க வேண்டும் என்றது. இவை யாவற்றிலும் ஊடுருவி நிற்கும் கருத்து ஒன்று: பீடத்தின்முன் எழும் இசை, அங்கு நிற்கும் மனிதரின் காணிக்கையாதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

இசையார்வமுள்ள இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் சில சொல்ல விழைகிறேன். வாங்குமுன், இப்போது கையிலுள்ள பாடலின் எவ்விடத்திற்கு இது வேண்டும் என்பதைத் தாளில் எழுதுங்கள். எழுத இடம் கிடைக்காவிடில் அப்பொருள் வேண்டாதது. முப்பது நாட்கள் பொறுங்கள். தள்ளுபடி ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் வருவதன்று. எவ்வளவு இடம், எவ்வளவு நினைவகம், வேறெந்த மென்பொருள் தேவை, பிறருக்கு மாற்ற இயலுமா என்பவற்றை முன்னரே படித்தறியுங்கள். விலையின்றிக் கிடைப்பவற்றை முதலில் நாடுங்கள். மியூஸ்ஸ்கோர் என்னும் இசையெழுது மென்பொருளுக்கு 2022 டிசம்பர் முதல் முழு இசைக்குழுவின் ஒலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. குழல் ஆர்கன் ஒலியை விரும்புவோர்க்குக் கிராண்ட்ஆர்க் என்னும் இலவச மென்பொருள் உண்டு.

திருட்டுப் பிரதிகளை எடுக்காதீர்கள். அத்தொகுப்பினுள் ஒவ்வொரு சுரத்தையும் வாசித்த கலைஞர் ஒருவர் இருக்கிறார். ஏழாம் கட்டளை அவருக்கும் உரியது. தவணையில் ஒருபோதும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருப்பின் வீணே வருந்தாமல், மாதம் ஒன்றாக எடுத்து அதைக் கொண்டே ஒரு பாடலை முடியுங்கள். பாலைவனத்தில் இறைமக்கள் மன்னாவை அன்றன்றைக்கு உண்டபோது அது உணவாயிற்று; மறுநாளைக்கெனச் சேர்த்தபோது புழுத்தது.

என்னைப் போன்ற பங்குத்தந்தையர்க்கும் பங்குப் பேரவையினர்க்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய செலவிற்கு இசைவளிக்குமுன், நம் பங்கில் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எந்தக் கருவி உறங்குகிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.

செசிலியம்மாளின் மணவிழாவில் இசைக்கருவிகள் முழங்கியபோது, அவர் தம் உள்ளத்துள் ஆண்டவரைப் பாடிக்கொண்டிருந்தார் என்பது மரபு. வெளியே ஒலித்த கருவிகள் எவை என யாரும் குறித்து வைக்கவில்லை. உள்ளே எழுந்த பாட்டிற்காகவே அவர் இசையின் பாதுகாவலியானார்.

இவ்வாண்டும் அவருடைய திருநாள் வரும். அதன் பின்னே அவ்வெள்ளியும் வரும். எங்கள் இளைஞர் அந்த வாரத்திற்கென ஒரு பிரதிக்கினை செய்திருக்கிறார்: வெள்ளியன்று கணிப்பொறியைத் திறப்பதில்லை, சனியன்று வழக்கம்போல் பெரியவரின் இல்லத்திற்குச் செல்வது. அவர் அதில் நிலைநிற்கவும், நம் இல்லங்களின் இளைஞர் அனைவரும் தம் கையிலுள்ளதைக் கொண்டு இறைவனைப் பாடவும் செசிலியம்மாள் நமக்காக மன்றாடுவாராக.